ஐந்து கணக்கு போதும் என்று சொன்னவன்

வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் புறப்படுகிற பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு ஒரு நடை வந்துபோவது இப்போது வழக்கமாகிவிட்டது. புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி "மாலத்தீவு வாத்தியார் வீடு எது" என்று கேட்டால் மீன் மார்க்கெட்டில்கூடக் கை காட்டுவார்கள். வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, ஊறுகாய் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பது. அடுத்தது, குக்கர் அங்கே கிடைக்குமா. அதற்கும் அடுத்தது, வீட்டுக்குப் பேச என்ன சிம். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, என் மனைவி போடும் காபியைக் குடிக்கவைத்துத்தான் அனுப்புகிறேன். ஆனால் இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே என்ன செய்வது?

கேட்கத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. அதனால்தான் நானே எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதினோரு வருடம் அங்கே கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவன் நான். முதல் வருடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்ற பத்து வருடங்களும் அந்த ஒரு வருடத்தின் தயவால் ஓடியவை.

அதற்கு முன்னால் நான் யார் என்று தெரிய வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் என்னைக் கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வழியில்லை. செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றேன். பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு என்று நாள் முழுக்கக் காகிதம் ஓடும். பரீட்சை நெருங்கினால் பழைய கேள்வித்தாள்கள் வரும். பத்து வருடக் கேள்வித்தாளை நூறு நூறு பிரதி எடுத்து, அடுக்கி, பின் அடித்துக் கொடுக்க வேண்டும். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், கண் படித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது வருடத்திலேயே பிடிபட்டுவிட்டது. அதே கணக்குதான் எண்ணை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. கடை முதலாளியின் மகன் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். அவனுக்கு இருபது கணக்கைக் குறித்துக்கொடுத்து, "இதை மட்டும் போட்டுப் பார்" என்றேன். பாஸ் செய்துவிட்டான். என் ஆசிரியர் வாழ்க்கை அன்றைக்கு ஆரம்பித்தது.

பிறகு தபால் வழியில் படித்துப் பட்டம் வாங்கினேன், பி.எட். முடித்தேன், செங்கல்பட்டிலேயே ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் டியூஷன். காலை ஐந்திலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து ஒன்பது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மின்சார ரயிலில் வருவார்கள், மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார்கள். கணக்கு கற்றுக்கொள்ள வந்தவர்கள் குறைவு. நான் குறித்துக்கொடுக்கும் 'இம்பார்ட்டன்ட்' வாங்க வந்தவர்கள்தான் அதிகம். "கிராப்பும் ஜியாமெட்ரியும் போட்டுடு, மீதிக்கு இந்தப் பதினைந்து" என்பேன். பத்தில் எட்டு வந்துவிடும். எனக்குக் கெஸ் மாஸ்டர் என்று பெயர். எதிர் டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டும்போதே, "இன்னா சார், இன்னிக்கு மழ வருமா? உங்க லிஸ்ட்ல அது கீதா, இல்லியா?" என்று கேட்பார். பெருமையாகத்தான் இருக்கும்.

நாற்பத்தைந்தாவது வயதில் மாலத்தீவு வேலை வந்தது. சம்பளத்துக்காகத்தான் போனேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

தீவு என்றால் நம் மாமல்லபுரம் மாதிரி ஒரு கடலோர ஊரைக் கற்பனை செய்யாதீர்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடம் நடந்தால் நிலம் தீர்ந்துவிடும். முதல் வெள்ளிக்கிழமை நான் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பூட்டிய பள்ளி வாசலில் அரை மணி நேரம் நின்றேன். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. அந்த வழியாகப் போனவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் விஷயத்தைச் சொல்லவில்லை. கடைசியில் சேகர் வந்துதான் கூட்டிக்கொண்டு போனான்.

சேகர் சிங்கப்பெருமாள் கோயில்காரன், இயற்பியல் ஆசிரியன், எனக்குப் பத்து வயது இளையவன், ஒரு வருடம் முன்னால் வந்து சேர்ந்தவன். சுத்த சைவம். சூரை மீனைத் தவிர வேறு சாப்பாடு இல்லாத ஊரில் அவன் தேங்காயையும் பருப்பையும் வைத்துக்கொண்டு சமாளித்த கதை தனிக் கதை. "நாஸ்தாவுக்கே மீன் துருவிப் போட்றாங்க அண்ணாத்த, எங்க போயி முட்டிக்கிறது" என்பான். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தோம்.

பள்ளி இரண்டு மணிக்கு முடிந்துவிடும். டியூஷன் எடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன், நான்கரைக்கு விழிப்பு வரும். இருபது வருடமாக அந்த நேரத்தில் மாடிப்படி ஏறிப் பழகிய கால். அங்கே ஏற மாடி இல்லை. அறைக்குள் நடப்பேன். பிறகு வீட்டுக்கு போன் போடுவேன். என் மனைவி கஸ்தூரி தையல்காரி. எங்கள் ஊர்ப் பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப் குடும்பங்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவள், பண்டிகை வந்தால் தலை நிமிர நேரமிருக்காது.

"இன்னா வாத்யாரே, இப்பதான பேசுன?"

"சும்மாதான். என்ன பண்ணுற?"

"இன்னா பண்ணுவாங்க, தச்சிகினு கீறேன். மதியம் கேட்டதுக்கும் இதான சொன்னேன். பேச ஒண்ணுமில்லன்னா வையி, எனக்கு ஊக்கு வெக்கற வேல கீது."

ஒரு நாளைக்கு நான்கு தடவை பேசினேன். பேச எதுவும் இல்லை. அதைவிட அவளுக்கு வேலை இருக்கிறது, எனக்கு இல்லை என்பதுதான் உறுத்தியது.

அப்படி இருந்தவனுக்கு ஒரு நாள் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. அங்கே பத்தாம் வகுப்பு முடிவில் வெளிநாட்டிலிருந்து வரும் கேள்வித்தாளில் பரீட்சை எழுத வேண்டும். என் வகுப்பில் பதினோரு பேர். பள்ளி அலமாரியில் பத்து வருடக் கேள்வித்தாள்கள் இருந்தன. எடுத்துவந்து அறைத் தரையில் பரப்பினேன். ஜெராக்ஸ் கடையில் நின்ற கண் இல்லையா, ஒரே வாரத்தில் ஐந்து கணக்குகளைப் பிடித்துவிட்டேன். வகுப்பில் போய்ப் பலகையில் எழுதி, நம் ஊர்த் தோரணையிலேயே, "இந்த ஐந்து போதும். மற்றதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்றேன்.

அந்தப் பிள்ளைகள் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. உண்மையாகவா சார் என்று இரண்டு தடவை கேட்டார்கள். ஒருத்தன் பலகையைப் போட்டோ எடுத்தான். மறுநாள் மளிகைக் கடைக்குப் போனால் கடைக்காரர் போனை நீட்டி, "இந்த ஐந்துதானா?" என்று கேட்கிறார். படகுத்துறையில் இருந்தவர் கை குலுக்கினார். தீவு முழுக்க என்னைத் தெரிந்துவிட்டது. எனக்கு நாலு மாதமாக இல்லாத தூக்கம் அன்றைக்கு வந்தது.

அந்தப் பதினோரு பேரில் ராயா என்று ஒரு பெண். மெல்லப் பேசுவாள், நிறைய எழுதுவாள். அவளுக்குப் பக்கத்துத் தீவில் இருக்கிற பெரிய பள்ளியில் மேற்படிப்பு படிக்க வேண்டும். அதற்குக் கணக்கில் நல்ல தேர்ச்சி வேண்டும், இல்லையென்றால் ஊரிலேயே இருந்துவிட வேண்டியதுதான். அவளுடைய அம்மா மீனை அவித்துப் புகை போட்டுக் காயவைத்து விற்கிறவர். வகுப்பில் மற்றவர்களுக்குக் கணக்கு போனால் ஒரு பாடம் போகும். ராயாவுக்குப் படிப்பே போய்விடும். எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டுதான் ஐந்து போதும் என்றேன்.

பரீட்சைக்குப் பத்து வாரம் முன்னால் மாதிரித் தேர்வு. கேள்வித்தாள் தலைநகரிலிருந்து வந்தது. பிரித்து, முதலில் என் ஐந்தைத்தான் தேடினேன். என் ஐந்தும் அதில் இருந்தன என்றும் சொல்லலாம், ஒன்றுகூட இல்லை என்றும் சொல்லலாம். நான் தண்ணீர்த் தொட்டி என்று குறித்திருந்தால், அங்கே தொட்டியைச் சாய்த்துவைத்துப் பாதி நிரப்பி, நீர்மட்டம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். எண்ணை மாற்றினால் போடுகிற பிள்ளைகள், கணக்கையே மாற்றினால் எப்படிப் போடுவார்கள்? பதினோரு பேரும் தோற்றார்கள். ராயாவுக்கு நூற்றுக்குப் பத்தொன்பது.

வியாழக்கிழமை மாலை பெற்றோர் கூட்டம். முதல் நாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். மதிப்பெண் பட்டியலை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"நாளைக்கு இவர்களுடைய பெற்றோர் கேட்பார்கள். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வீர்கள் என்று நான் இப்போது கேட்கப்போவதில்லை" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் சேகர் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தான்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? பசங்க படிக்கலன்னு ஒரே போடா போட்டுட்டு வந்துகினே இரு அண்ணாத்த. நம்மூர்ல இன்னா சொல்வோம், அதான்."

"அவங்க படிச்சாங்களேடா."

"அது உனக்குத் தெரியும். அவங்க அப்பன் ஆத்தாளுக்குத் தெரியுமா? அடுத்த வருசம் ஒப்பந்தம் போடணுமா வாணாமா?"

அவன் கெட்டவன் இல்லை. நானும் இருபது வருடம் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். கெஸ் வந்தால் என் சாமர்த்தியம், வராவிட்டால் பையன் படிக்கவில்லை. நம் ஊரில் எந்தப் பெற்றோரும் இதை மறுத்துப் பேசியதில்லை. அந்த இடத்திலேயே பிள்ளையின் முதுகில் இரண்டு வைப்பார்கள்.

கூட்டத்தில் பெஞ்சுகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். "பிள்ளைகள் இன்னும் கொஞ்சம்" என்று ஆரம்பித்துவிட்டேன். வாய் பழகிய பாதை அது. சொல்லி முடிப்பதற்குள் ராயாவின் அம்மா எழுந்தார். உடையில் புகை வாசனை, வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் ஒரு நீளமான நோட்டு. அதைக் கொண்டுவந்து என் மேஜையில் திறந்துவைத்தார்.

ஐந்து கணக்கும் இருந்தன. ஒவ்வொன்றும் நாற்பது தடவை. பக்கம் பக்கமாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், தேதி போட்டு.

அவருக்கு ஆங்கிலம் குறைவு. தலைமையாசிரியை மொழிபெயர்த்தார். "நான் கணக்கு படித்ததில்லை. ஆனால் என் மகள் தினமும் எழுதியதைப் பார்த்தேன். இது படிப்பு இல்லையென்றால் எது படிப்பு என்று சொல்லுங்கள், அதைச் செய்யச் சொல்கிறேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என்னைப் பற்றி ஒன்று புரிந்தது. அதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். பிளஸ் டூவுக்குப் பிறகு எனக்குக் கணக்கை யாரும் எதிரில் நின்று சொல்லிக்கொடுத்ததில்லை. கைடு வைத்து, பின்பக்கம் விடையைப் பார்த்து, நானாகக் கற்றது. அதனால் விடை தெரியாத ஒரு கணக்கை மற்றவர்கள் பார்க்க நான் ஒருபோதும் போட்டதில்லை. மாட்டிக்கொண்டால் தபால் பட்டம் வெளியே தெரிந்துவிடும் என்று ஒரு பயம். முன்கூட்டிக் குறித்துவைத்த கணக்கில் அந்த ஆபத்து கிடையாது. என் இம்பார்ட்டன்ட் லிஸ்ட் பிள்ளைகளைக் காப்பாற்றியதைவிட என்னைக் காப்பாற்றியதுதான் அதிகம்.

"தவறு என்னுடையது" என்றேன். "இவள் படித்தாள். எல்லோரும் படித்தார்கள். நான் சொன்ன வழி தப்பு."

மொழிபெயர்க்கும் முன்பே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ராயாவின் அம்மா நோட்டை மூடினார். பிறகு, "அப்படியானால் நாளை மறுநாளிலிருந்து என்ன செய்வீர்கள்?" என்றார்.

நான் யோசித்துவைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "தினமும் நான்கரை மணிக்குப் பள்ளியில் இருப்பேன். காசு இல்லை, இது டியூஷன் இல்லை. அவர்கள் எந்தக் கணக்கை வேண்டுமானாலும் கொண்டுவரட்டும். நான் முன்னால் பார்க்காமல் அவர்கள் எதிரில் போடுகிறேன்." தலைமையாசிரியை பக்கம் திரும்பினேன். அவர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

ஒரு பிஸ்கட் டின். மூடியில் ஓட்டை. யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் ஒரு கணக்கை எழுதி மடித்துப் போடலாம். நான் கையை விட்டு ஒன்றை எடுப்பேன். இதுதான் ஏற்பாடு. சனிக்கிழமை முதல் நாள். எட்டுப் பேர் வந்தார்கள். முதல் சீட்டு, அந்தச் சாய்ந்த தொட்டியைவிட மோசமான ஒன்று. இரண்டு படகு, இரண்டு திசை, நடுவில் ஒரு விளக்குக் கம்பம். பலகையில் படம் போட்டேன். ஒரு முக்கோணம் வரைந்து அதற்குள் போனேன், வழி அடைத்துக்கொண்டது. அழித்தேன். இன்னொன்று வரைந்தேன். முதுகில் வியர்வை இறங்குவது தெரிகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"சார்" என்றாள் ராயா. "உங்களுக்கும் இப்படி ஆகுமா?"

"ஆகும்."

"அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"இப்போது என்ன செய்கிறேனோ அதைத்தான். தெரிந்தது எது, தெரியாதது எது என்று மறுபடி எழுதிப் பார்ப்பேன்."

"அது மட்டும்தானா?" என்று ஒரு பையன் ஏமாற்றமாகக் கேட்டான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். சிரித்த பிறகு பார்த்தால் கம்பத்தைத் தப்பான பக்கத்தில் நட்டிருக்கிறேன். அதைக் கண்டுபிடித்ததும் கணக்கு இரண்டு நிமிடத்தில் விழுந்தது.

அறைக்கு வெளியே தலைமையாசிரியை நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், எனக்குத் தெரியாது. மறுநாள் காலை என்னிடம் வந்து, "பலகையை மரத்தடிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். உள்ளே உங்களுக்கு ரொம்ப வியர்க்கிறது" என்றார். பாராட்டு, கண்டிப்பு எதுவும் இல்லை. ஆனால் அன்று மாலை பதினோரு பேரும் வந்திருந்தார்கள்.

அப்புறம் என்ன ஆனது தெரியுமா? என் நாள் தானாக ஒழுங்குக்கு வந்தது. நான்கரைக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்பதால் நாலு மணிக்கே படகுத்துறைக்குப் போய் மீன் வாங்கிவிட வேண்டும். சேகரும் கூட வருவான், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நின்றுகொள்வான். நாலரையிலிருந்து, பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை மரத்தடி. பிள்ளைகள் கலைந்ததும் தீவைச் சுற்றி ஒரு நடை. வழியில் ராயாவின் அம்மா புகையடுப்பை அணைத்துக்கொண்டிருப்பார், கையை உயர்த்துவார். நானும் உயர்த்துவேன். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது, ஆனால் அன்றைக்கு அவர் மகள் எப்படிப் போட்டாள் என்பதைக் கையை எந்த உயரத்துக்குத் தூக்குகிறேன் என்பதை வைத்தே தெரிந்துகொள்வார். பிறகு சமையல். சாப்பிட்டதும் எனக்கென்று ஒரே ஒரு கணக்கு, விடையில்லாத புத்தகத்திலிருந்து.

இப்படி ஒரு மாதம் போனபோது ஒரு நாள் கஸ்தூரியே போன் செய்தாள்.

"இன்னா வாத்யாரே, ரெண்டு நாளா ஆளையே காணோம்? ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். வேலை."

"உனக்கு இன்னா வேல?"

சொன்னேன். தொட்டி, படகு, டின், ராயா, அவள் அம்மா, எல்லாம். இருபது நிமிடம் கேட்டாள். தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

"அப்ப டெய்லி பசங்க மின்னாடி முழிச்சிகினு நிக்கிறியா?"

"ஆமாம்."

"இங்கயும் அப்டியே நின்னிருக்கலாமே. டீக்கடக்காரரு மழ வருமான்னு கேட்டாகூட வரும் வரும்னு சொல்லிகினு திரிஞ்ச." கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "நாளைக்கும் பண்ணு. அந்தப் பொண்ணு இன்னா ஆச்சுன்னு சொல்லு" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடத்தில், என் வேலையைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு ஏதோ இருந்தது அப்போதுதான் முதல் தடவை.

தம்பிகளே, தங்கைகளே, வெளிநாடு போனதும் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். நானும் ஒட்டினேன், மூன்றாவது நாளே பசை விட்டுவிட்டது. காலையில் எழுந்து யோகா, ஒன்பது மணிக்குத் தூக்கம் என்று நமக்கு நாமே எழுதிக்கொள்வதை மீறினால் கேட்க ஆளில்லை. ஒரு மணி நேரத்தையாவது, நீங்கள் வராவிட்டால் "சார் எங்கே, மிஸ் எங்கே" என்று நாலு பேர் தேடுகிற நேரமாக ஆக்கிக்கொள்ளுங்கள். மீதி நாள் அந்த ஒரு மணியைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பரீட்சை வந்தது. நான் படகுத்துறைப் பக்கம் போய்விட்டேன். பள்ளி வாசலில் நின்றால் முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று சேகர் துரத்திவிட்டான். முடிந்ததும் பதினோரு பேரும் அங்கேயே வந்துவிட்டார்கள். ராயா முன்னால் வந்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், உங்கள் மூன்றாம் நம்பர் வந்தது."

"எந்த மூன்றாம் நம்பர்?"

"அந்த ஐந்தில் மூன்றாவது. அப்படியே, எண்ணை மட்டும் மாற்றி."

"போட்டாயா?"

"கடைசியில் போட்டேன். அது எங்கே ஓடிப்போகப் போகிறது? முதலில் புதுசு எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்."

சேகர் என் முதுகில் தட்டி, "பரவால்ல, கை இன்னும் போகல அண்ணாத்த" என்றான்.

முடிவு வந்தபோது ஒன்பது பேருக்குத் தேர்ச்சி. இரண்டு பேர் அடுத்த வருடமும் மரத்தடிக்கு வந்து மறுபடி எழுதினார்கள். ராயா பக்கத்துத் தீவுப் பள்ளிக்குப் படகேறிய அன்று நான் துறைக்குப் போயிருந்தேன். அவள் அம்மா ஒரு பொட்டலம் கருவாட்டை என் கையில் வைத்தார், காசை எடுத்தால் முறைத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்திருந்தேன். சேகர் வாசலிலேயே படுத்துக்கொண்டான்.

அந்த வருட நடு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். ஒரு மத்தியானம் கஸ்தூரியின் தையல் அறையில் உட்கார்ந்து ஊக்கு வைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. ராயா அனுப்பியிருந்தாள். புதுப் பள்ளி நோட்டு. ஒரு கணக்கு, அதன் கீழே பாதி அடித்து, பாதி அழித்து, அம்புக்குறி போட்டு, மறுபடி ஆரம்பித்து, பக்கம் முழுக்க ஒரே போர்க்களம். முன்பு நாற்பது தடவை அடித்தல் இல்லாமல் எழுதிய அதே கை. கீழே இரண்டு வரி: "மூன்று நாளாக இந்தக் கணக்கு வரவில்லை சார். விடை சொல்லாதீர்கள். சும்மா உங்களுக்குக் காட்டலாம் என்று."

துணி வெட்ட அளவு போடும் பழைய பேப்பர் ஒன்றை எடுத்து நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் நிறைந்தது. திருப்பிப் போட்டேன், அதுவும் நிறைந்தது.

"இன்னா வாத்யாரே, சோறு ஆறிகினு கீது" என்றாள் கஸ்தூரி. எட்டிப் பார்த்துவிட்டு, "வந்துச்சா?" என்றாள்.

"இல்லை."

"அந்தப் பொண்ணுக்கு இன்னா சொல்லப் போற?"

போனை எடுத்து என் இரண்டு பக்கத்தையும், அடித்தது அழித்தது எல்லாம் தெரியும்படி, படம் பிடித்து ராயாவுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.